கரையோரப் பல்கனியில் ஊசியிலை மரம்: மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களில் மேல்மாடிப் பல்கனியில் சாடி வைத்து மரம் வளர்க்கும் வீட்டாருக்கு,



இலங்கைக்கு இயற்கையாக உரிய ஊசியிலை மரம் எதுவும் இல்லை. உலகில் அறுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருந்தும், தென்னிந்தியாவுக்கென்று இருப்பதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வளரும் ஒரேயோர் இனம்தான். நுவரெலியா போகும் வழியில் தெரியும் பைன் தோப்புகள் வனத் திணைக்களம் கரீபியன் பக்கத்து இனத்தைக் கொண்டுவந்து நட்டவை. 1861ஆம் ஆண்டில் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காகத் தொடங்கிய ஹக்கலைத் தோட்டத்தின் சைப்ரஸ் மரங்களும், பேராதனைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் குக் பைன் மரங்களும் அப்படியே கடல் கடந்து வந்தவை. ஆகவே கல்முனைப் பல்கனியில் நிற்கும் ஒவ்வோர் ஊசியிலைக் கன்றுக்கும் ஒரு பூர்வீக நாடு உண்டு. அந்த நாட்டின் வெயிலும் இரவும் கடற்காற்றும் எப்படிப்பட்டவை என்பதைப் பொறுத்தே அது இங்கே பிழைப்பதும் பட்டுப்போவதும் அமைகிறது. கன்று வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். விலையும் வடிவமும் பிறகு.

கரையோரத்தில் எல்லோரும் அறிந்த சவுக்கு, தோற்றத்தில் பைனைப் போல இருந்தாலும் ஊசியிலை மரம் அல்ல. அது பூக்கும் தாவரம். அதன் ஊசி என்று தோன்றுவது மெல்லிய பச்சைத் தண்டு. கணுவில் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். கணுவைச் சுற்றியுள்ள சிறு பற்களே அதன் இலைகள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் காப்பு வலயத்துக்காக அதிகம் நடப்பட்ட மரங்களில் இதுவும் ஒன்று. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. கடற்காற்று சுமந்து வரும் உப்புத் திவலையில் கணிசமான பங்கைத் தோப்பே வடிகட்டிவிடும். கடலை நேராகப் பார்த்த, தடுப்பேதும் இல்லாத பல்கனியையும் தோப்புக்குப் பின்னால் உள்ள பல்கனியையும் ஒரே கணக்கில் வைத்துக் கன்று தெரிவு செய்யக்கூடாது.

மலைநாட்டுச் சுற்றுலா முடிந்து திரும்பும் வாகனத்தில் அடிக்கடி ஏறிவருவது பொன்மஞ்சள் நிறத்தில் கூர்ங்கோபுரமாக நிற்கும் சிறு சைப்ரஸ். கசக்கினால் எலுமிச்சை மணம் வரும். அதன் பூர்வீகம் கலிபோர்னியாவின் மொன்டரேக் கரை. அதுவும் கடலோரம்தான் என்பதால் கல்முனைக்கு ஒத்துவரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கடல் குளிர்ந்த கடல். கோடையிலும் மூடுபனி படரும் கரை அது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. இந்தக் கரையில் அது 28 பாகை அளவு. பகல் வெயிலைவிட இரவின் வெக்கைதான் இந்த மரத்தைக் கூடுதலாக வருத்துகிறது. பகலில் இலை தயாரிக்கும் உணவின் ஒரு பகுதியை மரம் இரவில் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. இரவு எவ்வளவு வெப்பமோ அவ்வளவு செலவு. வெப்ப காலத்தில் இங்கே விடியும் வரை 25 பாகையை ஒட்டியே நிற்கிறது. அந்தச் செலவைக் குளிர்நாட்டு மரத்தின் வரவு ஈடுசெய்யாது. சில மாதங்கள் சேமிப்பைக் கொண்டு பச்சையாக நின்று, பிறகு உள்ளிருந்து காய்ந்துவிடும். எத்தனையோ வீடுகளில் இது நடந்திருக்கிறது. வீட்டிலுள்ளவர்கள், பெரும்பாலும் தாய்மார், தண்ணீர் ஊற்றியதில் பிழை நேர்ந்துவிட்டது என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். அவர்கள் மீது எந்தப் பிழையும் இல்லை. அந்த மரத்தை இங்கே யாராலும் நெடுநாள் வைத்திருக்க முடியாது. மலைநாட்டு வாகனத்தில் அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

இந்தக் கரைக்குப் பொருந்துபவை நான்கு.

முதலாவது, தூஜா என்ற பெயரில் கிடைக்கும் கீழைநாட்டு மரம். சீனாவைப் பூர்வீகமாகக் கொண்டது. விசிறி விசிறியாக நிமிர்ந்து நிற்கும் இலைத்தட்டுகளால் அடையாளம் தெரியும். வெயில், வரட்சி, சுண்ணாம்பு கலந்த மண் மூன்றையும் பொறுத்துக்கொள்ளும். உப்புத் திவலை மட்டும் ஓரளவுக்குத்தான் தாங்கும். ஆகையால் கடலிலிருந்து இரண்டு மூன்று தெருக்கள் தள்ளிய வீட்டுக்கு இது முதல் தெரிவு. விதையிலிருந்தே முளைப்பிக்கலாம், சிறு கொம்புகள் முளைத்த நீலப்பச்சைக் காய் பழுப்பாகி வெடிக்கும்போது விதை எடுத்து ஊன்றினால் சில கிழமைகளில் முளை தெரியும். முதன்முதலாக ஊசியிலை வளர்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட ஏற்ற மரம் வேறில்லை.

இரண்டாவது அரௌகாரியா. நத்தார் மரம் என்று சாடியில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஒன்று நோர்போக் தீவுக்கு உரியது, மற்றது நியூ கலிடோனியாவுக்கு உரிய குக் பைன். இளமையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஒரே பெயரில் இரண்டும் விற்பனையாகின்றன. இரண்டும் வெப்பக் கடல் சூழ்ந்த தீவுகளின் மரங்கள். உப்புக்காற்றைத் தாங்குவதில் இந்த நான்கிலும் இவையே முதலிடம். கடலைப் பார்த்த பல்கனிக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். தட்டுத் தட்டாக விரியும் அதன் அழகு உச்சிக்குருத்தில் தங்கியிருக்கிறது. குருத்து முறிந்தால் பழைய ஒழுங்கு திரும்புவது அரிது. பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அது நிமிர்ந்த மரமாகாது, கிளையாகவே பக்கவாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். எனவே விதைக்கன்றாக வாங்குவதே முறை. ஒரே சாடியில் மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி விற்பதும் உண்டு. அவை ஒன்றையொன்று நெரிக்கும் முன் பிரித்துவிட வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் சாய்ந்து வளரும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை சாடியைக் கால்வட்டம் திருப்பி வைப்பது நல்லது. இந்த இடத்தில் ஒரு விந்தையையும் சொல்லலாம். குக் பைன் வெளிச்சம் சமமாக இருந்தாலும் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கிறது. 2017இல் வெளிவந்த ஆய்வொன்று பல கண்டங்களில் அளந்து, சராசரிச் சாய்வு 8 பாகைக்கு மேல் என்று கண்டது. வட அரைக்கோளத்தில் நிற்பவை தெற்கே சாய்கின்றன, தென் அரைக்கோளத்தில் நிற்பவை வடக்கே.

மூன்றாவது ஜூனிபர், குறிப்பாகச் சீன ஜூனிபர். சவூதியில் வேலை செய்தவர்கள் அபஹாவுக்கு மேலே அஸீர் மலைகளில் அர்அர் மரக் காடுகளைப் பார்த்திருக்கக்கூடும்; அதே குடும்பம். ஆனால் அர்அர் 2000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிரில் வாழ்வது. அங்கிருந்து விதை கொண்டுவர ஆசைப்படுபவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். அரபு நாட்டு மரம் என்பதற்காக அது வெப்பக்கரை மரமாகிவிடாது. சீன ஜூனிபர் இங்கே பிழைக்கும், நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேர நேர்வெயில் கிடைத்தால். வீட்டுக்குள் வைத்தால் பச்சை மாறாமலே மெல்லச் சாகும்.

நான்காவது பொடோகார்ப்பஸ். இலை ஊசியாக இல்லாமல் நீண்ட பட்டையாக இருப்பதால் பலர் இதை ஊசியிலைக் குடும்பம் என்றே அறிவதில்லை. யப்பானின் தென்பகுதிக் கரையோரங்களுக்கும் சீனாவுக்கும் உரியது. நிழலையும் கடற்காற்றையும் ஒருங்கே பொறுக்கும், கிளைச்செருகலில் வேர்விடும், எவ்வளவு கத்தரித்தாலும் தளிர்க்கும். பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்த பல்கனிக்கு இதுவே கதி.

பல்கனியின் திசையைப் பார்க்காமல் மரத்தைத் தெரிவு செய்ய முடியாது. கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் கிழமை முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு வடக்கே நிற்கும். ஆகையால் மாரியில் நிழலாகக் கிடக்கும் வடக்குப் பல்கனி, கோடையில்தான் வெயிலைக் காணும். கிழக்குப் பல்கனிக்குக் காலை வெயிலும் கடற்காற்றும். மேற்குப் பல்கனிக்கு அஸருக்கு முந்திய கொடும் வெயில், அதோடு கச்சான் காற்று.

கச்சானைப் பற்றி இந்த ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்துக்கு அது செய்வதைச் சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடாகி உலர்ந்து வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது வீசும் நாட்களில் இலை இழக்கும் நீரை வேர் அனுப்பி முடிப்பதில்லை. அந்த நேரத்தில் மரத்தின் கருகிய பக்கத்தைக் கவனித்தால் காரணம் தெரியும். மேற்குப் பக்க நுனிகள் வைக்கோல் நிறமானால் அது கச்சான். கிழக்குப் பக்க நுனிகள் செம்பழுப்பானால் அது உப்பு. அடியிலிருந்து மேலாக மஞ்சளித்து வந்தால் வேரில் நீர் தேங்கியிருக்கிறது. உட்பக்கத்துப் பழைய இலைகள் மட்டும் காய்ந்து உதிர்ந்தால் நோயே இல்லை. வயதான இலை கழிகிறது, அவ்வளவுதான். கச்சானுக்கு மருந்து நிழல்வலை. பல்கனிக் கம்பிகளில் மேற்கே ஒரு பச்சை வலை கட்டினால் போதும். தண்ணீரை இரட்டிப்பாக்குவது மருந்தல்ல.

இனி உப்பு. ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையின் கிணறுகள் உவர்த்துக் கிடந்ததையும், அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்தும் உவர் போகாததையும், வாடைமழை பெய்து மணலினூடே இறங்கிய பிறகே நீர் இனித்ததையும் மூத்தவர்கள் அறிவார்கள். சாடியிலும் நடப்பது அதுவே. ஊற்றும் தண்ணீரிலுள்ள உப்பும் பசளையின் உப்பும் நீர் ஆவியான பின் மண்ணிலேயே தங்குகின்றன. சாடியின் விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது சேர்ந்துவிட்டது என்று பொருள். தினமும் ஒரு குவளை தண்ணீர் தெளிப்பது அந்த உப்பை அசைப்பதே இல்லை, கூட்டத்தான் செய்யும். அடித்துளையால் வடியும் வரை ஊற்றி, மேல்மண் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உலர்ந்த பின் மறுபடி ஊற்றுவதே சரி. கோடையில் மாதத்துக்கு ஒருமுறை, சாடியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். நாவில் உவர்ப்புத் தெரியும் கிணற்றுநீர் இதற்கு உதவாது. குழாய்நீரோ பிடித்துவைத்த மழைநீரோ வேண்டும். வுழூச் செய்த தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. அது நல்ல நீராக இருந்தால் ஒரு வாளியில் பிடித்து அப்படியே சாடிக்கு ஊற்றலாம். ஐவேளையும் ஒரு குடும்பத்துக்குச் சேரும் நீர் நான்கைந்து சாடிகளுக்குப் போதுமானது. ஊற்ற நல்ல நேரம் சுபஹுக்குப் பின், வெயில் ஏறுமுன். இலையில் படிந்த உப்பைக் கழுவ, காற்று பலமாக அடித்த மறுநாள் விடியலில் நல்ல தண்ணீரை மரம் முழுக்கத் தெளிப்பது பெரும் பயன் தரும். செஞ்சிலந்தியையும் அதுவே துரத்தும்.

சாடியைத் தெரிவு செய்வதில்தான் கூடுதலான மரங்கள் இழக்கப்படுகின்றன. வேர்ச்சூழல் 38 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான மரச்செடிகளின் வேர்வளர்ச்சி தடைப்படும். 45 பாகையை அடுத்தால் வேர்முனைகள் சாகும். வெயில் படும் கறுப்புப் பிளாஸ்டிக் சாடியின் ஓரம் அந்த அளவைச் சாதாரணமாகவே எட்டிவிடும். இலைக்கு வெயில், வேருக்கு நிழல் என்பதே விதி. மண்சாடி தன் சுவரினூடே நீரை ஆவியாக்கிக் குளிரும். பிளாஸ்டிக் சாடிதான் இருக்கிறதென்றால் அதைப் பெரிய மண்சாடி ஒன்றினுள் இறக்கி, இடைவெளியில் தென்னந்தும்பைத் திணிக்கலாம். அல்லது வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். சூடேறிய கொங்கிறீட் தளத்தில் நேரே வைக்காமல் மூன்று செங்கல்லின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். புதுச் சீமெந்துச் சாடியில் சுண்ணாம்புக் காரம் கசியும் என்பதால் இரண்டு கிழமை நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி எடுத்த பிறகே நடலாம்.

மண் கலவைக்கு வேண்டியவை எல்லாம் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. பருக்கன் ஆற்றுமணல் அல்லது உடைத்த செங்கல் இரண்டு பங்கு, தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. நெல் ஆலைகள் நிறைந்த பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உமிக்கரி காரத்தன்மை உடையது. சற்றே அமில மண்ணை விரும்பும் அரௌகாரியாவுக்கு அதைப் பாதியாக்க வேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்போடு சிப்பித்தூளின் சுண்ணாம்பும் அதில் சேர்ந்திருக்கும். தும்புத்தூளிலும் எச்சரிக்கை தேவை. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாயின் அதிலும் உப்பு இருக்கும். ஒரு சாக்கில் கட்டி, பிழிந்த நீரில் உவர்ப்பு இல்லாமற் போகும்வரை அலசியே பயன்படுத்த வேண்டும்.

பசளையைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. இவை மெதுவாக வளரும் மரங்கள். மாரி தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு கைப்பிடி கூட்டெரு போதும். யூரியா வேண்டாம். கச்சான் மாதங்களில் எந்தப் பசளையும் வேண்டாம்.

பூச்சிகளில் கோடையில் செஞ்சிலந்தியும், காற்றோட்டம் இல்லாத மூலையில் மாவுப்பூச்சியும் வரும். கிளையின் கீழ் வெள்ளைக் கடதாசியைப் பிடித்துத் தட்டினால், விழுந்த புள்ளிகள் நகர்வதில் சிலந்தி தெரிந்துவிடும். லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்காரக் கரைசலோடு கலந்து அஸருக்குப் பின் தெளிக்கலாம். நீலச்சாயல் படிந்த ஜூனிபருக்கு எண்ணெய் ஆகாது, அந்த மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும்.

கத்தரிப்பில் கைநிதானம் வேண்டும். வேம்பையும் தேமாவையும் மொட்டையடித்தாலும் தளிர்க்கின்றன. தூஜாவும் ஜூனிபரும் அப்படியல்ல. இலையற்ற பழைய கட்டையிலிருந்து அவை மறுபடி துளிர்ப்பதில்லை. பச்சை இருக்கும் பகுதிக்குள்ளேயே வெட்ட வேண்டும். அதிலும் நுனிகளை மட்டும். ஊசியிலை மரத்தின் இறப்பும் தாமதமாகவே வெளித்தெரிகிறது. வேர் செத்த பின்னும் தடித்த மெழுகுத்தோல் கொண்ட இலை பல கிழமைகள் பச்சையாக இருக்கும். பழுப்பைக் கண்ட நாளில் தண்ணீரைக் கூட்டுவது பெரும்பாலும் பிந்திய செயல். அழுகிய வேருக்கு அது மேலும் கேடு. இளங்கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, உள்ளே ஈரப்பச்சை இருந்தால் மட்டும் நிழலுக்கு மாற்றிக் காத்திருக்கலாம்.

மாரியில் கவலைகள் வேறு. நொவெம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழை சாடியின் உப்பைக் கழுவித் தருவது பெரும் அருள். ஆனால் அடித்துளை அடைபட்டிருந்தால் அதே மழை வேரை அழுக்கும். ஒக்டோபரில் ஒவ்வொரு சாடியின் துளையையும் ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிட வேண்டும். சாடிக்கு அடியிலுள்ள தட்டுகளை மாரியில் எடுத்துவிடுவதே மேல். நின்ற நீர் மரத்துக்கும் ஆகாது. அதில் ஒரு கிழமை பத்து நாட்களில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். நெருக்கமாக வீடுகள் அமைந்த கல்முனை போன்ற ஊரில் ஒரு வீட்டின் தட்டு அயல் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து.

காற்றும் பாரமும் அதே அளவு முக்கியம். 30 லீற்றர் கொள்ளும் சாடி ஈரமண்ணோடு 40 கிலோவைத் தாண்டும். வெளியே நீட்டிக் கட்டிய பல்கனியின் விளிம்பில் இப்படி ஐந்தாறு சாடிகளை அடுக்குவது கட்டடத்துக்குப் பொருந்தாது. பாரமானவை சுவரோரம், தூண்களுக்குக் கிட்ட. கைப்பிடிச் சுவரின் மேல் எந்தச் சாடியும் கூடாது. கீழே நடமாடும் மனிதர் இருக்கிறார்கள். 1978 நொவெம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்தக் கரையைச் சிதைத்தது மாரியின் நடுவில்தான். வானிலை எச்சரிக்கை வந்த அன்றே உயரமான மரங்களை உள்ளே எடுக்க வேண்டும். எடுக்க முடியாதவற்றைச் சுவரோரம் படுக்கவைத்துக் கட்டிவிடலாம். படுத்த மரம் இரண்டு நாளில் கெட்டுப்போகாது.

சாடி மாற்றுவதற்கும் முதல் மழைக்குப் பிந்திய நாட்களே ஏற்றவை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, வட்டமாகச் சுற்றிய வேர்களை வெட்டி, ஓரங்களில் மட்டும் புது மண் இட வேண்டும். நடுவேர்ப் பந்தின் பழைய மண்ணை உதிர்த்துக் கழுவக்கூடாது, அதிலிருக்கும் பூஞ்சை வேரோடு சேர்ந்து வாழ்வது. அரௌகாரியாவை ஒருநாள் முற்றத்து நிலத்தில் நட்டுவிடலாம் என்று எண்ணுபவர்கள், தன் தீவில் அது 50 மீற்றருக்கு மேல் வளரும் மரம் என்பதை முதலில் அறிய வேண்டும். பத்துப் பேர்ச் காணிக்கு அது பொருந்தாது. சாடியில் வேர் அடங்கியிருக்கும் வரைதான் அது ஆளுயரத்தில் நிற்கும்.

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ குடும்பமாகப் போகும் வீடுகளில் சாடிகளை நாள்தோறும் கவனிக்க ஆளிருக்காது. போவதற்கு ஒரு கிழமை முன்பே எல்லாவற்றையும் நிழலான மூலையில் நெருக்கமாகச் சேர்த்து வைக்கலாம். மேல்மண்ணை நான்கு விரல் தடிப்பில் தும்பால் மூடிவிட்டு, மூடியிட்ட வாளி நீரிலிருந்து பருத்தித் திரிகளை ஒவ்வொரு சாடி மண்ணுக்குள்ளும் இறக்கினால், கச்சான் இல்லாத மாதங்களில் சிறு சாடிகள் இரண்டு கிழமை தாங்கும். அதற்கு மேற்பட்ட நாட்களுக்கும், கச்சான் காலத்துக்கும், அயலவர் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்துப் போவதே வழி. மூன்று நாளைக்கு ஒருமுறை வடியும் வரை ஊற்றச் சொன்னால் போதும்; தினமும் ஊற்ற வேண்டாம் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு சாடிகளை உடனே வெயிலுக்குத் தள்ளாமல், முதல் கிழமை காலை வெயிலில் மட்டும் வைத்து, அடுத்த கிழமையில் பழைய இடத்துக்கு மாற்ற வேண்டும்.